மிஞ்சிய ஒரு சொல்

“ஐயா மௌனத்தில் ஆழ்ந்துவிட்டார்” என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் செயலாளர் ஒலிவாங்கியில் அறிவித்தபோது, கண்ணாடிக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, சட்டைக் கையில் காய்ந்துபோயிருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஐயா வீட்டில் பட்ட கறை. மௌனத்தில் ஆழ்ந்த அதே ஐயா, வாயருகே கொண்டுபோன சூப்புக் கிண்ணத்தை இடது கையால் தட்டிவிட்டு, “இல்ல, இல்ல, இல்ல” என்று தெரு வரைக்கும் கேட்கும்படி கத்தியபோது தெறித்தது.

கூடத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. முன்வரிசையில் இருந்த சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அறைகலன் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். கீழே ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கும். வார்னிஷ் வாடையும், ஆணி அடிக்கிற சத்தமும் படியேறி வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பிரம்மத்தைப் பற்றிப் பேசி முடிக்கிறவன்தான் ஆம்பளை என்று ஐயா சிரித்துக்கொண்டே சொல்வார். இன்றைக்கு ஆணி அடிக்கிறவன்கூட எதற்கோ நிறுத்தியிருந்தான். “பேச்சுக்கு அப்பால் எது இருக்கிறது என்று இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது அங்கேயே போய் அமர்ந்துவிட்டார். ஆண்டுக் கூட்டத்தன்று ஐயா மேடைக்கு வருவார். பேசமாட்டார். நாம் அவர் முன்னால் உட்கார்ந்திருப்போம். அது போதும்” என்றார் செயலாளர். அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்பதுதான் கண்ணாடிக்காரியை உறுத்தியது.

அவளுக்குக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடை. முன்னால் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, நடுவில் கண் பரிசோதிக்கிற இருட்டறை, பின்னால் லென்ஸ் தேய்க்கிற சின்ன அறை. வாயாடி என்று பெயர் வாங்கியவள். பிரேமை வளைத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைத் தெருமுனை வரைக்கும் வார்த்தையாலேயே துரத்துவாள். ஐயா அவளிடம் முதலில் வந்தது வாடிக்கையாளராகத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், படிக்கிற கண்ணாடி கேட்டு வந்தார். அளவெல்லாம் எடுத்து முடித்து, புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டதும், “கண்ணாடி வழியா கண்ணு பாக்குது. சரி. கண்ணு வழியா யாரும்மா பாக்கறது?” என்று கேட்டார். “ஐயா, பின்னால நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க, அவங்களைக் கேட்டுச் சொல்லட்டுமா?” என்றாள் அவள். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடித்துப்போய், அந்தக் கேள்வி பிடிக்காமல்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்கென்றே படியேறிப் போனாள்.

சண்டைக்கு அங்கே நல்ல இடம் இருந்தது. “முதல்ல கேளுங்க. அப்புறம் கேட்டதோட சண்டை போடுங்க. சண்டை ஓஞ்சதும் பேசாம உட்காருங்க. அவ்வளவுதான் படிப்பு” என்பதுதான் ஐயாவின் பாடத்திட்டம். பழைய நூலிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து ஒரு மாதம் வைத்திருப்பார். நீ உடம்பு இல்லை, மனம் இல்லை, அதை அறிகிறவன் என்று அந்த வரி சொல்லும். இவள் எழுந்து, “பல்லு வலிச்சா மட்டும் எனக்குத்தானே வலிக்குது?” என்பாள். “வலி தெரியுதா? தெரிஞ்சுக்கிறதுக்கு வலிக்குதா?” என்பார். வீட்டுக்குப் போய் இவள் ஒரு வாரம் முனகிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பின்னறையில் உட்கார ஆரம்பித்தாள். லென்ஸ் தூள் படிந்த மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான். ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. ஒளி தெரியவில்லை, ஓசை கேட்கவில்லை. ஆனால் கோபம் கிளம்புகிறபோது அது கிளம்புவது தெரிய ஆரம்பித்தது. சில காலைகளில், நினைப்புக்கும் நினைப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழும். அங்கே அவள் இருந்தாள். ஆனால் கண்ணாடிக் கடைக்காரி இல்லை, யாருடைய பெண்டாட்டியும் இல்லை. ‘இருக்கு’ என்பது மட்டும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஐயாவிடம் ஒருமுறை சொன்னபோது, “அதப் புடிச்சு பிரேம் போட்டு வெச்சுடாத” என்றார்.

பிறகு ஐயா வீட்டுக் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. சேதி கேட்டு வந்து, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் செயலாளர்தான். உயிர் மிஞ்சியது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போனது. கடலாகப் பேசிய மனிதரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியது, ‘இல்ல’. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘இல்ல’, வேண்டாமென்றாலும் ‘இல்ல’. வலித்தால் ‘இல்ல’. மனைவியைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான்.

கூட்டம் கலைந்ததும் அவள் செயலாளரிடம் போனாள். ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலவை மடிப்புக் கலையாத ஆள். மனைவி போன பிறகு இந்தக் கூடத்தைத்தான் வீடாக வைத்திருந்தார்.

“சார், ஐயா மௌனத்துல இல்ல. பக்கவாதத்துல இருக்கார்.”

“உங்களுக்கு அப்படித் தெரியுது.”

“நேத்து கிண்ணத்தத் தூக்கி அடிச்சார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். நான் பக்கத்துல இருந்தேன்.”

செயலாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: “அழுதது உடம்பும்மா. ஞானி அழமாட்டார். அந்த ‘இல்ல’ங்கற ஒரே சொல்லு ஏன் மிஞ்சிச்சுன்னு யோசிச்சீங்களா? இது இல்ல, இது இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளித்தானே அவர் நமக்குப் பாடம் எடுத்தார்? உபதேசம் இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கேக்கத்தான் நமக்குக் காது வேணும்.”

“அழறது வெறும் உடம்புன்னா, அந்த வெறும் உடம்ப எதுக்கு சார் மேடைக்குத் தூக்கிட்டு வர்றீங்க?”

அவர் கையிலிருந்த நாற்காலி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. “கதவ சாத்தணும். நேரமாச்சு” என்றார்.

வீட்டில் கணவன் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் நகக்கண்ணிலிருந்து கிரீஸ் எந்த சோப்புக்கும் போகாது. மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குப் போவதை அவன் ஒருநாளும் தடுத்ததில்லை, ஒருநாளும் மதித்ததும் இல்லை. அவள் பொருமிக்கொண்டே நடந்ததைச் சொல்லி முடித்ததும், கத்தியைக் கீழே வைத்தான்.

“தப்பா எடுத்துக்காத. இஞ்சின்ல ஒரு குழாய் அடைச்சா வண்டி நின்னுடும். மனுஷனும் அவ்வளவுதான். அந்த ஆளு நல்ல ஆளு, நான் இல்லங்கல. ஆனா இத்தனை வருஷமா நான் உடம்பு இல்ல, உடம்பு இல்லன்னு சொன்னாரே, அப்ப கிண்ணத்தத் தட்டிவிட்டது யாரு?”

வாயாடிக்கு வாய் அடைத்துப்போனதைப் பார்த்து அவனே பயந்துவிட்டான். “சரி விடு, உப்பு எங்க வெச்ச?” என்றான்.

அடுத்த நாள் காலை பின்னறையில் உட்கார்ந்தபோது, உட்கார முடியவில்லை. பயம் வந்தது. பயம் வந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். ‘பயம் தெரிகிறது, தெரிந்துகொள்கிறவள் நான்’ என்று மெல்ல ஒதுங்கிக்கொள்வாள். வெள்ளம் வரும்போது மாடிக்கு ஏறிக்கொள்கிற மாதிரி அது ஓர் ஏற்பாடு. இன்றைக்கு ஏறிப் பார்த்தால் மாடியே இல்லை. ஒரு குழாய் அடைத்து ஒரு மனிதனின் பேச்சு போகும் என்றால், கேள்வி கேட்கத் தெரிந்த கணக்கு வாத்தியாரே போவார் என்றால், அந்த ‘இருக்கு’ மட்டும் எந்த ரத்தமும் பாயாமலா இருந்தது? அதுவும் ஒருநாள் ஒரு குழாயில் அடைபட்டு நின்றுவிடுமா? அப்படியானால் இத்தனை காலையும் இந்தப் பாயில் உட்கார்ந்து தன்னையே தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாளா? இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவள் இந்த வழியை நம்பியது தான் கண்டதை வைத்து இல்லை. ஐயா கண்டுவிட்டார் என்பதை வைத்துத்தான். அவர் அடைந்திருக்கிறார், ஆகையால் அடைகிற இடம் ஒன்று உண்டு என்பதுதான் அவள் கணக்கு. அந்த ஆதாரம் இப்போது படுக்கையில் கிடந்து சூப்பைத் தட்டிவிடுகிறது. ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பாயைச் சுருட்டி மூலையில் வீசினாள். அன்றைக்குக் கடைக்கு வந்த முதல் ஆள் பாவம், பிரேமைத் தொடாமலேயே திட்டு வாங்கினார்.

இருந்தும் கடை விடுமுறை நாளில் கால் ஐயா வீட்டுக்குத்தான் போனது.

ஐயாவின் மனைவி கதவைத் திறந்தார். தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கிற வேலையில் இருந்தவர். கணவர் நடத்திய வகுப்புக்கு ஒருநாளும் படியேறியதில்லை. “ஊர்ப் பேச்சையெல்லாம் சேத்துவிட்டவ நான். இப்ப என் வீட்டுலயே லைன் கிடைக்கல” என்று சொல்லிவிட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. தலையணை உறை மாற்றுவதற்காக அவர் கட்டிலின் வலது பக்கம் போய்க் கையை நீட்டியதும், ஐயா திடுக்கிட்டு உதறினார். கண்ணாடிக்காரி அதைக் கவனித்தாள். விரலை ஆட்டி ஆட்டி அவர் முகத்தின் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ப் பார்த்தாள். வலது பாதி அவருக்குத் தெரியவே இல்லை. அந்தப் பக்கமிருந்து வருகிற கை, கரண்டி, மனுஷி எல்லாம் அவருக்கு ஒன்றுமில்லாததிலிருந்து திடீரென்று முளைப்பவை.

“ஆஸ்பத்திரில சொன்னாங்கதான்மா, எனக்குத்தான் எதுவும் மண்டையில ஏறல” என்றார் மனைவி. “சூப்ப நான் அந்தப் பக்கத்துலேருந்துதான் நீட்டினேன். சனியன் புடிச்சவரேன்னு வாய் விட்டுத் திட்டிட்டேன்.”

“திட்டினா என்னம்மா, அவருக்கும் ஒரு மாறுதல் வேணாமா. இனிமே இடது பக்கமா வாங்க.”

அவர் தேநீர் போட உள்ளே போனதும், அவள் இடது பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஐயா அவளைப் பார்த்தார். அதே கண்கள். தாடையில் ஒரு பக்கம் மட்டும் சவரம் ஆகியிருந்தது. கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

“ஐயா. நீங்க சொன்னது, காட்டினது, அது இப்பவும் இருக்கா?”

அவர் உதடு கோணியது. தொண்டையில் எதுவோ உருண்டு மேலே வந்தது. “இல்ல” என்றார்.

தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அதே சொல்தான் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்வதைக் கேட்கிற நிலையில் நெஞ்சு இல்லை. தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. “இல்ல, இல்ல” என்று தலையை ஆட்டினார். முதலில் சொன்ன ‘இல்ல’வை இரண்டாவது ‘இல்ல’வால் அழிக்கிறாரா, அடிக்கோடு போடுகிறாரா? இடது கையால் மெத்தையை அடித்தார். “இல்ல! இல்ல! இல்ல!” பிறகு அழுதார். பாதி முகத்தால் அழுதார், மறுபாதி ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. அவள் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஒதுங்கிக்கொள்ள மாடியைத் தேடத் தோன்றவில்லை. அழுகை இருந்தது, கட்டில் இருந்தது, சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் இருந்தது. எல்லாம் ஒரே வெளிச்சத்தில், எதுவும் எதையும் விட்டுத் தள்ளி நிற்காமல், யார் அழுகிறார்கள் என்று பிரிக்கவும் தோன்றாமல் கொஞ்ச நேரம் இருந்தது. தேநீர் வந்ததும் அது போனது. இதையும் பிரேம் போட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். சர்க்கரை அதிகம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து போகிறபோது அவளுக்கு ஒன்று தீர்மானமாகியிருந்தது. அந்தச் சொல்லுக்கு அவள் அர்த்தம் சொல்லப்போவதில்லை. புருஷனுக்குச் சாதகமாகவும் இல்லை, செயலாளருக்குச் சாதகமாகவும் இல்லை. கேள்வி அவளுடையது. ஓர் ஊமையான மனிதரின் வாயைக் கிளறி விடையை எடுக்க யாருக்கும், அவளுக்குமே, உரிமை கிடையாது. மறுநாள் பாயை மூலையிலிருந்து எடுத்து உதறி விரித்தாள். பயம் வந்தது. வரட்டும் என்று இடம்விட்டு உட்கார்ந்தாள்.

ஆண்டுக் கூட்டம் நெருங்கியது. செயலாளர் ஐயாவுக்கென்று ஒரு வெள்ளை உடுப்பு தைத்து அனுப்பியிருந்தார். கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் பளபளவென்று இருந்தது. கட்டிலின் மேல் விரித்துப் பார்த்துவிட்டு, “இதப் போட்டா அவரு அவராட்டமே இருக்கமாட்டாரே” என்றார் மனைவி. “நான் சரின்னுட்டேன்மா. என்ன பண்றது? செயலாளர் கைய புடிச்சுக்கிட்டு அழுதாரு. நாலு பேரு வந்து பாத்தா இவருக்கும் ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்.”

“இவரக் கேட்டீங்களா?”

“கேட்டேன். இல்லன்னாரு. எதக் கேட்டாத்தான் இல்லங்கல?”

கண்ணாடிக்காரி எழுந்தாள். கொடியில் தொங்கிக்கொண்டிருந்த ஐயாவின் பழைய வீட்டுச் சட்டையை உருவினாள். காலர் நைந்து, முழங்கையில் ஒட்டுப்போட்ட சட்டை. இரண்டையும் அவருக்குத் தெரிகிற இடது பக்கமாகக் கொண்டுவந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிடித்தாள். “ஐயா, நல்லா கேளுங்க. இந்த வெள்ளைன்னா கூட்டத்துக்குப் போய் மேடையில உட்காரணும். இந்தப் பழசுன்னா வீட்டுலயே இருக்கலாம். வாயால சொல்லவேணாம். கைய வைங்க.”

ஐயா இரண்டையும் பார்த்தார். அவளைப் பார்த்தார். இடது கை எழுந்து, பழைய சட்டையின் காலரைப் பிடித்தது. அவள் இரண்டையும் இடம் மாற்றிப் பிடித்தாள். கை மறுபடியும் பழைய சட்டையைத் தேடிப் போனது. சந்தேகத்துக்கு இன்னொருமுறை மாற்றினாள். கணக்கு வாத்தியாருக்கு இப்போது பொறுமை போய்விட்டது. வெள்ளை உடுப்பைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்துவிட்டு, மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளை ஒரு முறை முறைத்தார். மனைவிதான் முதலில் சிரித்தார். ஐயா விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, முந்தின வாரங்களின் களைப்பெல்லாம் சேர்ந்து அழுத்த, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “இவரக் கூட்டிட்டுப் போக வேன் வந்தா நான் பாத்துக்கறேன்” என்றார். “யாரு வந்து கைய புடிச்சாலும் சரி. அங்க காத்திருக்கறவங்களுக்கு மட்டும் யாராவது சொல்லணும். பாவம், தூரத்துலேருந்தெல்லாம் வருவாங்க.”

“நான் சொல்றேன்” என்றாள் கண்ணாடிக்காரி.

அன்றைக்குக் கூடம் நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கொண்டுவந்து விட்ட கணவன், திரும்பிப் போகாமல் கதவோரம் சாய்ந்து நின்றான். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கை வேறு திருப்பி வைத்திருந்தார்கள். வேன் வெறுமனே திரும்பிவிட்டது என்று செயலாளர் காதில் யாரோ வந்து சொல்வதையும், அவர் முகம் வெளுப்பதையும் அவள் பார்த்தாள். அவர் ஒலிவாங்கியை எடுத்து, “ஐயா இன்று சூட்சுமமாக நம்மோடு...” என்று தொடங்கி முடிப்பதற்குள் அவள் மேடையேறிவிட்டாள்.

“ஐயா வரமாட்டார். அவர் வரவிரும்பல. மௌனமும் இல்ல. மூளையில ரத்தக்குழாய் அடைச்சுப் பேச்சு போயிடுச்சு. ஒரு பக்கம் கை கால் வரல. கோபம் வருது அவருக்கு. அழறார். நான் பார்த்தேன். அவர்கிட்டப் படிச்சவ நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல.”

செயலாளர் அவள் முழங்கையைப் பிடித்தார். ஒலிவாங்கிக்குக் கேட்காத குரலில், “கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. இவங்கல்லாம் இத நம்பித்தான் உயிரப் புடிச்சுக்கிட்டு இருக்காங்க” என்றார்.

“நானும்தான் சார்” என்றாள்.

ஒலிவாங்கி அணைந்தது. யார் அணைத்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் வளர்ந்த தொண்டை அவளுடையது. “அழறவர் ஞானியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசறவங்களயும் நம்பாதீங்க. அவரப் போய்ப் பார்க்கணும்னா போய்ப் பாருங்க. இடது பக்கமா உட்காருங்க, வலது பக்கம் அவருக்குத் தெரியாது. துணி மடிச்சுக் குடுங்க, அம்மாவுக்குக் கொஞ்சம் தூங்க நேரம் குடுங்க. தரிசனத்துக்குன்னு யாரும் போகாதீங்க.”

“அப்போ இத்தனை வருஷம் நாங்க படிச்சதெல்லாம் பொய்யா?” என்று நடுவிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார். அதற்குப் பின்னால் ஒரு பெண், கத்தாமல், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில், “அவருக்கே இப்படின்னா எங்களுக்கு யாரும்மா இருக்கா?” என்றாள்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொன்னால் அந்தப் பெண் பிடித்துக்கொள்வாள் என்று தெரிந்தது. மேடையும் இருந்தது, விளக்கும் இருந்தது, காலி நாற்காலி பின்னங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. “தெரியலம்மா” என்றாள். “பொய்யா நெஜமான்னு அவரு அடைஞ்சத வெச்சு நாம எப்படிச் சொல்றது? நாமதானே உட்கார்ந்து பாக்கணும். நான் தினம் கடை திறக்கறதுக்கு முன்னால பின்னறையில உட்காருவேன். வந்தா உட்காரலாம். சொல்லிக்குடுக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது. இடமும் கொஞ்சம்தான்.”

கூடம் இரண்டாகப் பிளந்து கூச்சலிட்டது. அவளை அகங்காரி என்றார்கள். பொறாமை பிடித்தவள் என்றார்கள். ஒருவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இறங்கிப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வரவேண்டியதில்லை என்று செயலாளர் மேடையிலேயே அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, காலி நாற்காலியைப் பார்த்தார்.

அவள் படியிறங்கி வெளியே வந்தாள். கணவன் கூடவே நடந்தான். தெரு திரும்பியதும், “மைக்க அணைச்சாங்க பாரு, அதுக்கப்புறம்தான் எனக்கு ஒழுங்காக் கேட்டுச்சு” என்றான். அவள் சிரிக்கவில்லை. “இப்பவும் சொல்றேன், குழாய் அடைச்சா வண்டி நின்னுடும், அவ்வளவுதான்” என்றான். “ஆனா அந்த மனுஷன் வீட்டுக் குளியலறையில புடிச்சுக்க ஒரு கம்பி கிடையாதுன்னியே. நாளைக்கு நான் போய் அடிச்சுக் குடுத்துட்டு வர்றேன்.”

பின்னறைக்குச் சிலர் வந்தார்கள். இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் ஒரு வாரத்தில் நின்றுபோனார்கள், அங்கே கேட்க ஒன்றும் இல்லை என்பதால். கூட்டத்தில் கெஞ்சிய பெண் மட்டும் தவறாமல் வந்தாள். பேசமாட்டாள். உட்கார்ந்துவிட்டு, எழுந்து போகும்போது பாயை மடித்து வைத்துவிட்டுப் போவாள். கண்ணாடிக்காரிக்குப் பயம் போய்விடவில்லை. சில நாள் அவள் உட்காருவதே பிடிவாதத்தால்தான் என்று பட்டது. பிடிவாதம்தான், இருக்கட்டுமே என்றும் பட்டது.

மழை விட்ட ஒரு மாலையில் ஐயா வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. வாசலில், உள்ளே போகாமல் ஓரமாக, செயலாளர் நின்றிருந்தார். சலவை மடிப்பில்லாத சட்டை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். உள்ளே ஐயா ஒரு தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், நடை பழகுவதற்கான ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு கால்களும் காலணிக்குள் போயிருந்தன. எப்படிப் போயினவோ, தெரியாது. குனிந்து, இடது கையால் காலணிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முனையைக் காலணியின் ஓரத்தில் செருகி அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். அது நுழையவில்லை.

“எவ்வளவு நேரமா?” என்று கண்ணாலேயே கேட்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, கேட்காதே என்று கையை அசைத்தார்.

செயலாளருக்குத் தாங்கவில்லை. இரண்டெட்டில் உள்ளே வந்து, ஐயாவின் காலடியில் மண்டியிட்டு, கயிற்றைத் தொட்டார். ஐயா காலை இழுத்துக்கொண்டார். கோபமில்லை முகத்தில், வேலையில் இருக்கிறவன் முகம். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்திருந்தார். செயலாளரின் இரண்டு கைகளும் வெறும் தரையின் மேல் அப்படியே நின்றன. பிறகு அவர் எழுந்து சுவரோரம் போனார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

கண்ணாடிக்காரி இடது பக்கமாகச் சுற்றிப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கைகள் தாமாக எழுந்து உதவப் போனதால் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஐயாவின் உச்சந்தலையும், அதில் மினுங்கிய வியர்வையும், கயிற்றின் நைந்த முனையும்தான். முனை வளையத்தின் வாயில் ஒரு கணம் நின்றது. நழுவியது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.